கிராஸ்னெஸ் பம்பிங் ஸ்டேஷன்: நீராவி ஓடும் நாளாகப் பார்த்துப் போங்கள்

லண்டனில் பம்ப் ரிப்பேர்தான் என் பிழைப்பு. அதனால் அபி வுட் பக்கம் தேம்ஸ் கரையிலிருக்கும், ஒருகாலத்தில் லண்டன் சாக்கடையை இறைத்த இந்த அருங்காட்சியகத்துக்கு நான் போடும் மார்க்கில் தொழில் பாசமும் கலந்திருக்கும். ஐந்துக்கு நான்கு.

பிரின்ஸ் கன்சார்ட் என்ற நீராவி இன்ஜின் ஓடும் நாளை விசாரித்துக்கொண்டு போங்கள். ஜேம்ஸ் வாட் கம்பெனி செய்த நான்கு இன்ஜின்களில் இதைத் தன்னார்வலர்கள் பழுதுபார்த்து 2003இல் மறுபடி ஓடவைத்தார்கள். 47 டன் உத்தரம் தலைக்கு மேலே ஏறி இறங்க, 52 டன் சக்கரம் சுழல்கிறது. சத்தமோ ஒரு பெருமூச்சு அளவுதான். என் பட்டறை மோட்டார் இதைவிடக் கூச்சல் போடும். ஒரு வீச்சுக்கு 6 டன் சாக்கடை இறைத்ததாம்.

நடுவில் எண்கோண மண்டபம், வார்ப்பிரும்பில் இலையும் பூவுமாக. பெயிண்ட் அடித்த பகுதியைத்தான் எல்லாரும் படமெடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது துருப்பிடித்தபடி விட்ட பகுதி. எதை எதோடு முடுக்கினார்கள் என்பது அங்கேதான் தெரிகிறது.

கதை தெரிந்ததுதான். 1858 கோடையில் சாக்கடை கலந்து தேம்ஸ் நாறியது, பாராளுமன்றம் மூக்கைப் பிடித்துக்கொண்டு பணம் ஒதுக்கியது, பொறியாளர் பேசல்ஜெட் சாக்கடை கட்டினார், 1865 ஏப்ரலில் கிராஸ்னெஸ் திறந்தது. அடுத்த ஆண்டே கிழக்கு லண்டனில் காலராவுக்கு 5,000க்கும் மேற்பட்டோர் பலி. அந்தப் பக்கத்துச் சாக்கடை அப்போது முழுதாக இணைந்திருக்கவில்லை. போதாததற்கு, குடிநீர் கம்பெனி வடிகட்டாத தண்ணீரை விட்டிருந்தது.

வழிகாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: இறைத்ததெல்லாம் எங்கே போனது? சுத்திகரிப்பு என்ற பேச்சே கிடையாது. தொட்டியில் தேக்கிவைத்து, ஓதம் இறங்கும் நேரம் பார்த்து ஆற்றில் திறந்துவிட்டார்கள். நகரத்துக்காரன் பிழைத்தான், வுல்விச், பார்க்கிங், எரித் புறநகர்க்காரன் வாசலுக்கு அது வந்து சேர்ந்தது. 1878 செப்டம்பரில் பிரின்சஸ் ஆலிஸ் என்ற உல்லாசப் படகு இங்கே பக்கத்தில்தான் மூழ்கியது. 600க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், அந்தச் சாக்கடைத் தண்ணீரிலேயே. கசடைப் பிரித்துக் கப்பலில் கடலுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தது 1880களின் பிற்பகுதியில்தான். இன்ஜினை ரசிக்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி.

பழைய கழிப்பறைக் கோப்பைகளையும் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அங்கிருந்து நகரமாட்டார்கள். ஒரு மார்க் குறைத்தது தூரத்துக்காக: ரயிலடியிலிருந்து நல்ல நடை. அப்புறம், பக்கத்தில் இன்றைய சுத்திகரிப்பு நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரியுங்கள்.