இணையக் கடையை டேலியோடு இணைத்துத் தருவதாகச் சொன்னவர்களிடம் நாங்கள் ஏமாந்த விதம்

கரூரில் படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை ஆகியவற்றை மொத்தமாக விற்கும் குடும்பக் கடை எங்களுடையது. பதினான்கு ஆண்டுகளாக ஆர்டர், ஸ்டாக், பில் எல்லாமே டேலி என்ற கணக்கு மென்பொருளில்தான் நடக்கின்றன. சில்லறையாகவும் விற்கலாம் என்று, இணையக் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் மென்பொருளில் ஒரு கடையைத் திறந்தபோது, அங்கே வருகிற ஆர்டர் தானாக டேலியில் ஏற வேண்டும், கடையில் விற்றுப் போகிற சரக்கு இணையத்திலும் உடனே குறைய வேண்டும் என்பதே எங்கள் தேவையாக இருந்தது. அந்த வேலைக்கு 85,000 ரூபாயும் ஆண்டுப் பராமரிப்புக்கு 18,000 ரூபாயும் வாங்கிக்கொண்ட ஒரு நிறுவனம் செய்ததை இங்கே எழுதுகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. முறை தெரிந்தால் போதும், வேறு எவர் இதையே செய்தாலும் பிடித்துவிடலாம்.

செய்து காட்டிய அன்று ஒரு குறையும் இல்லை. இருவர் நேரில் வந்து, என் கைபேசியிலிருந்தே ஓர் ஆர்டர் போடச் சொன்னார்கள். அவர்களுக்கு வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் அந்த ஆர்டர் டேலியில் விற்பனை வவுச்சராக வந்து நின்றது. மீதித் தொகையை அப்போதே கொடுத்துவிட்டேன். எங்கள் கணினியில், வெளியிலிருந்தே அதை இயக்க உதவும் எனிடெஸ்க் எந்நேரமும் திறந்திருக்க வேண்டும், அதன் கடவுச்சொல்லும் டேலியில் ஒரு தனி யூசரும் வேண்டும் என்று கேட்டபோது, "சர்வர் இணைப்புக்காக" என்ற விளக்கம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

முதல் மாதத்திலேயே பிசகுகள் தொடங்கின. எங்கள் டேலியில் துண்டுக்கு டஜன்தான் அளவு. இணையத்தில் ஒரே ஒரு துண்டு விற்றால் டேலியில் ஒரு டஜன் குறைந்தது, குடோனில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் சரக்கு இணையத்தில் "இருப்பு இல்லை" என்று காட்டியது. ஆனால் எல்லா ஆர்டரிலும் அப்படி நடக்கவில்லை, சில நாள் சரியாகவும் இருந்தது. பெரம்பலூர் வாடிக்கையாளர் ஒருவரின் பார்சல் சென்னை பெரம்பூருக்குப் போனது. ஆர்டரில் ஊர்ப்பெயர் சரியாகத்தான் இருந்தது, பில்லில்தான் மாறியிருந்தது. பெங்களூருக்கும் கொச்சிக்கும் போன சரக்குக்கு வெளிமாநில விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி. வரிக்குப் பதிலாக, மாநிலத்துக்குள் விற்பதற்கான சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று பில் ஆகியிருந்தது. இப்படிப் பிழையாகக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம் என்றாலும், சரியான ஐ.ஜி.எஸ்.டி.யை முதலில் நம் கையிலிருந்து கட்டியாக வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரம்தான் உச்சம்: பகலில் கடையில் மொத்தமாகத் தீர்ந்துவிட்ட இரட்டைக் கட்டில் விரிப்புகள் மாலை முழுவதும் இணையத்தில் விற்றுக்கொண்டிருந்தன. 23 ஆர்டர்களை ரத்து செய்து பணத்தைத் திருப்பினோம். இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே பிடித்துக்கொண்ட கட்டணம் மட்டும் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு முறை கேட்டபோதும் "சிங்க் தாமதம்", அதாவது இரண்டு பக்கத் தரவும் ஒத்துப்போகத் தாமதம், என்றே பதில் வந்தது.

ஐயத்தைக் கிளப்பியவர் எங்கள் கணக்காளர். எழுத்தை அப்படியே நகலெடுக்கும் இயந்திரம் ஊர்ப்பெயரை எப்படித் தப்பாக எழுதும் என்று கேட்டுவிட்டு, எந்தப் பதிவு எப்போது ஏறியது என்று குறித்து வைக்கும் டேலியின் எடிட் லாக்கைத் திறந்து காட்டினார். காலை 11 மணி ஆர்டரும் பிற்பகல் 3 மணி ஆர்டரும் இரவு 9.10, 9.13, 9.15 என்று இரண்டு மூன்று நிமிட இடைவெளியில் வரிசையாகப் பதிவாகியிருந்தன. எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு பதிவுகூட இல்லை. மறுநாள் மாலை டேலியையும் இணைய இணைப்பையும் அப்படியே விட்டுவிட்டு, எனிடெஸ்க்கை மட்டும் மூடினேன். இரவு 9.20க்குக் கைபேசி ஒலித்தது. சிறு பையனின் குரல். "அண்ணா, எனிடெஸ்க் கனெக்ட் ஆக மாட்டேங்குதுங்க. இன்னைக்கு எட்டு ஆர்டர் ஏத்தணும், கொஞ்சம் ஆன் பண்ணி விடுறீங்களா?"

நான் 85,000 ரூபாய் கொடுத்து வாங்கிய மென்பொருள் அந்தப் பையன்தான். அவனே இரவில் எங்கள் ஸ்டாக் பட்டியலைப் பார்த்து இணையக் கடையில் எண்களை மாற்றியும் வந்திருக்கிறான். எத்தனை கடைகளுக்கு அப்படித் தட்டச்சு செய்கிறானோ, பாவம், அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

உண்மையான இணைப்பு எப்படி இயங்கும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆர்டர் விழுந்தவுடன் வூகாமர்ஸ் ஒரு வெப்ஹூக் (ஒன்று நடந்தவுடன் இன்னொரு நிரலுக்குத் தானாகச் செய்தி அனுப்பும் ஏற்பாடு) வழியாகத் தகவலை அனுப்பும். இடையில் இருக்கும் நிரல் அதை வாங்கி, அந்த ஆர்டர் எண் முன்பே ஏறியிருக்கிறதா என்று பார்த்து, டேலிக்குப் புரியும் எக்ஸ்.எம்.எல். வடிவில், வழக்கமாக 9000 என்ற போர்ட் (கணினியில் தரவு நுழையும் எண்ணிட்ட வாசல்) வழியாகக் கொடுக்கும். அந்நேரம் டேலி திறந்திருந்து, அதில் உரிய கம்பெனியின் கணக்கும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் வரிசையில் காத்திருக்க ஓர் ஏற்பாடு வேண்டும். வெப்ஹூக் தொடர்ந்து ஐந்து முறைக்கு மேல் தோற்றால் வூகாமர்ஸே அதை நிறுத்திவிடும் என்பதால், யாருக்கு எச்சரிக்கை வரும் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். ஆகவே இந்த வேலையை நிஜமாகச் செய்ய வருகிறவர், இரவில் எந்தக் கணினி ஓடும், மின்சாரம் போனால் என்ன செய்வது, டஜனையும் உருப்படியையும் எப்படிப் பொருத்துவது, டேலியில் உள்ள பொருளுக்கும் இணையத்தில் உள்ள எஸ்.கே.யூ. என்ற பொருள் குறியீட்டுக்கும் எது எதற்கு இணை என்று நம்மைக் கேட்டே தீர வேண்டும். எங்களிடம் இவற்றில் ஒன்றைக்கூட எவரும் கேட்கவில்லை. வேலை எளிதாக முடிகிறது என்று நான் மகிழ்ந்திருந்தேன். நிரல்கள் தமக்குள் பேச அனுமதிக்கும் ஏ.பி.ஐ. சாவி ஒன்று போதுமான இடத்தில் இணையதளத்தின் முழு அட்மின் உரிமையை வாங்கிக்கொண்டதும் அப்போது எனக்கு உறுத்தவில்லை.

நேரில் போய்க் கேட்டேன். உரிமையாளர் பதறவே இல்லை. கொட்டேஷனை எடுத்து மேசையில் வைத்து, "இதுல 'தானாக'ன்னு எங்கே சார் இருக்கு?" என்றார். "தினமும் தரவு ஒத்திசைக்கப்படும்" என்று மட்டும்தான் அதில் இருந்தது. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பதால், அங்கே முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும், சிவில் வழக்கே வழி என்று வக்கீல் சொன்னார்.

இந்த வேலையை யாரிடமாவது ஒப்படைக்கப் போகிறவர்கள் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஞாயிறு நள்ளிரவில், அவர்களுக்குச் சொல்லாமல், எனிடெஸ்க் போன்ற எல்லாத் தொலை இணைப்பையும் மூடிவிட்டு, வெளிமாநில முகவரிக்கு ஓர் ஆர்டர் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் அது சரியான வரியோடு டேலியில் வருகிறதா என்று பாருங்கள். பிறகு அதை ரத்து செய்து, ஸ்டாக் திரும்புகிறதா என்றும் பாருங்கள். கொட்டேஷனில் "மனிதத் தலையீடு இன்றி" என்ற சொற்களையும், நிரலும் அதன் கடவுச்சொற்களும் நம் வசம் இருக்கும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அந்த இடத்தில் தயங்குகிறவரிடம் மேலே பேச வேண்டியதில்லை.

எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றிவிட்டோம். இப்போது எங்கள் கடையில் பில் போடும் பெண்ணே காலையிலும் மாலையிலும் ஆர்டர்களை டேலியில் ஏற்றுகிறார், டஜன் கணக்கில் ஒரு பிழையும் வருவதில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது. அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த ஆண்டுப் பராமரிப்புக்கான 18,000 ரூபாய் பில் மட்டும் போன வாரம் மின்னஞ்சலில் வந்தது.