14416-க்கு போன் போடுவதா, வீட்டுக்கு வரும் நர்ஸிடம் பேசுவதா?
படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொண்டு மனசு சோர்ந்துபோகும் பென்னாகரம், அஞ்செட்டி பக்கத்து ஆட்கள் அடிக்கடி கேட்பது இது.

செலவு: இரண்டும் இலவசம்.

நேரம்: 14416, அதாவது 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நடுராத்திரி அப்பாவுக்குத் துணி மாற்றிவிட்டுத் தூக்கம் வராமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது அதுதான் கைகொடுக்கும்.
மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டத்தின் நோய் ஆதரவு சிகிச்சை நர்ஸ் (படுக்கையில் இருப்பவரின் வலி, வேதனையைக் குறைக்க வீட்டுக்கே வருபவர்) முறை வரும் நாளில்தான் வருவார். (2021-இல் அந்தத் திட்டம் தொடங்கியதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான்.)

பேச்சு: போனில் முகம் தெரியாது, மாமியார் மேல் வரும் எரிச்சலைக்கூடக் கூச்சமில்லாமல் கொட்டலாம். ஒற்றை அறை வீடென்றால் கொல்லைப்பக்கம் போய்ப் பேசுங்கள்.
நர்ஸ் நோயாளியை நேரில் பார்ப்பவர். படுக்கைப்புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, முதுகுக்கு எங்கே தலையணை கொடுப்பது என்று செய்தே காட்டுவார், 'நான் சரியாகப் பார்த்துக்கொள்கிறேனா' என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்த பயம் அதிலேயே பாதி போய்விடும்.

மாதக்கணக்கில் பார்க்க வேண்டியவர்களுக்கு என் ஓட்டு நர்ஸுக்கே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயர் கொடுத்து வையுங்கள். ஆனால் செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், அந்த நிமிடமே 14416.