"தங்கமீன் கடிக்காத செடி செட்": வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

தங்கமீன் தொட்டியில் உயிருள்ள செடி வைக்க ஆசைப்படுகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "தங்கமீன் கடிக்காத ஸ்பெஷல் செட்" என்று சொல்லி ஒரு கடையில் எனக்குக் கொடுத்த செடிகளில் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் வளரும் செடிகளே இல்லை. வீட்டு வரவேற்பறையில் மண்சட்டியில் வைக்கிற அலங்காரச் செடிகள் அவை. தெரியாமல் விற்றிருந்தால் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன். தெரிந்தே விற்றார்கள். செடி அழுகுகிறது என்று போய்ச் சொன்னபோதும் உண்மையைச் சொல்லாமல் இன்னும் இரண்டு பாட்டிலை என் தலையில் கட்டினார்கள்.

நான் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லித்தான் கேட்டேன். நன்றாக வளர்ந்த தங்கமீன்கள், சாதாரண லைட், கீழே சரளைக்கல், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எதுவும் கிடையாது. தங்கமீன் எதையும் தின்னும் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு இரைப்பையே கிடையாது. கிடைப்பதை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும். மெல்லிய இலையெல்லாம் அதற்குத் தீனி. தின்னாத செடியைக்கூட சரளையைக் கிளறிக் கிளறியே பிடுங்கிப் போட்டுவிடும். அதனால் இந்தத் தொட்டிக்குத் தாங்கும் செடிகள் சிலதான். இதையெல்லாம் சொன்ன பிறகுதான் கடைக்காரர், "கண்ண மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க சார், இதுக்குன்னே வந்த செட்" என்று எடுத்துக் கொடுத்தார்.

செட்டில் இருந்தவை: ஊதா நிறத்தில் சுருக்கம் விழுந்த இலையோடு ஒன்று, பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட நீண்ட இலையோடு ஒன்று, கரும்பச்சைப் புல் கொத்து, நாலைந்து லக்கி பேம்பூ குச்சி, சின்ன பிளாஸ்டிக் சட்டியில் ஒரு அனுபியாஸ், அப்புறம் "மேஜிக் விதை" என்று ஒரு பாக்கெட். வைத்த புதிதில் தொட்டி அவ்வளவு அழகாக இருந்தது. மீன்களும் அந்தச் செடிகளைத் தொடவே இல்லை. இலை தடிப்பு, அதனால்தான். "கடிக்காது" என்று சொன்னது அந்த அளவுக்கு உண்மைதான்.

கொஞ்ச நாளில் தண்ணீர் லேசாகக் கலங்கி, சாக்கடை மாதிரி ஒரு வாடை வர ஆரம்பித்தது. ஊதாச் செடியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். மேலே இருந்த இலைகள் அப்போதும் பச்சையும் ஊதாவுமாகப் பளபளத்தன. ஆனால் சரளைக்குள் இருந்த தண்டின் தோல் விரலோடு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே நார் மட்டும் மிச்சம். ஒரு வேர் கூட விட்டிருக்கவில்லை. சாய்வாக வெட்டிய முனை வெட்டியபடியே, பழுப்புக் கூழாகியிருந்தது. அடியில் சுற்றியிருந்த ஈயப் பட்டை தண்டை நசுக்கி வைத்திருந்தது வேறு. இந்தச் செடிகள் சாவதற்கு நாளாகும். வேரும் தண்டும் அழுகிய பிறகும் இலை வாடாது. வாங்கியவர் கடைக்குத் திரும்ப வருவதற்குள் மாதம் கடந்துவிடும், விற்பவருக்கு அது வசதி.

அந்த ஊதாச் செடியின் பெயர் ஹெமிகிராஃபிஸ். வெள்ளைக் கோடு போட்டது டிரசீனா. லக்கி பேம்பூவும் டிரசீனா இனம்தான், மூங்கிலே இல்லை. புல் கொத்து மாண்டோ கிராஸ். எல்லாம் தரைச்செடிகள். தரைச்செடியின் இலைமேல் மெழுகுப் பூச்சு இருக்கும், இலைத்துளைகள் வழியாகக் காற்றிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். முழுக்கத் தண்ணீருக்குள் அமுக்கினால் அந்த வழி அடைபட்டுப் போகும், தண்ணீரில் வாயுக்கள் நகரும் வேகமும் மிகக் குறைவு. சுருக்கமாகச் சொன்னால் செடி மூச்சு முட்டிச் சாகிறது. லக்கி பேம்பூவின் வேர் மட்டும் தண்ணீரில் இருந்து, இலை வெளியே இருந்தால் நன்றாகவே வளரும். இதே கூட்டத்தில் சிங்கோனியம், பீஸ் லில்லி, அலுமினியம் பிளாண்ட் இவற்றையும் மீன் தொட்டிச் செடி என்று விற்கிறார்கள், கவனமாக இருங்கள்.

செடி போனது பெரிய விஷயமில்லை. மீன்கள் பட்ட பாடுதான் எனக்கு ஆறவே இல்லை. அழுகும் இலையும் தண்டும் மீனுக்கு விஷமான அம்மோனியாவைத் தண்ணீரில் கூட்டும், ஆக்சிஜனைக் குறைக்கும். தங்கமீன் ஏற்கனவே நிறையக் கழிவு போடுகிற மீன்; அதன் தொட்டியில் இதுவும் சேர்ந்தால் தாங்காது. என் மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. டெஸ்ட் கிட்டில் பார்த்தால் அம்மோனியா. இருந்த செடிகளை எல்லாம் அள்ளி வெளியே போட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரால் பாதித் தண்ணீரை மாற்றி, காற்று மோட்டாரைக் கூட்டி வைத்த பிறகுதான் மெல்லத் தேறின.

இதற்கு நடுவில் கடைக்குப் போனேனே, அங்கே கிடைத்த பதில்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. "அது மெல்ட் ஆகுது சார், எல்லா செடியும் அப்படித்தான், வெயிட் பண்ணுங்க" என்றார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து. நிஜமான நீர்ச்செடிகளில் பலவற்றைப் பண்ணைகளில் இலை காற்றில் இருக்கும்படி வளர்க்கிறார்கள். கிரிப்டோகோரைன், அமேசான் சோர்டு போன்றவை தொட்டிக்கு வந்ததும் பழைய இலைகளை உதிர்க்கும். ஆனால் அவற்றின் வேரும் நடுக்குருத்தும் கெட்டியாக இருக்கும், சில வாரங்களில் நீருக்கு ஏற்ற மெல்லிய புது இலை வரும். என் செடிகளில் நேர்மாறு: மேல் இலை நன்றாக இருக்க, அடி அழுகியது. "மெல்ட்" என்று யாராவது சொன்னால் அடியைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் காத்திருக்கலாம். கொழகொழவென்று இருந்தால் அன்றே வெளியே எடுத்துவிடுங்கள், யார் என்ன சொன்னாலும் சரி.

அன்று எனக்குக் கொடுத்தது ஒரு உர பாட்டில், ஒரு நத்தை மருந்து. செத்துக்கொண்டிருக்கும் தரைச்செடிக்கு உரம் எதற்கு? பாசிக்குத்தான் அது விருந்து. நத்தை மருந்தின் லேபிளைப் படித்தேன், காப்பர் சல்ஃபேட், அதாவது மயில் துத்தம். தாமிரம் நத்தையைக் கொல்லும், அளவு கூடினால் மீனையும் கொல்லும், உப்புக் குறைந்த மென்னீரில் இன்னும் சீக்கிரம். அம்மோனியாவால் திணறிக்கொண்டிருந்த மீன்களின் தொட்டியில் அதை ஊற்றச் சொன்னார்கள். நான் ஊற்றவில்லை. நத்தைகள் மொத்தமாகச் செத்தால் அதுவும் அழுகி அம்மோனியாதான் ஆகும்.

செட்டில் சரியாக இருந்த ஒரே செடி அனுபியாஸ். அதையும் கெடுத்திருந்தார்கள். அதன் படுக்கைத் தண்டை, ரைசோம் என்பார்களே, அதைச் சட்டிக்குள் ராக்வூல் பஞ்சில் முழுக்கப் புதைத்து, அப்படியே சரளைக்குள் இறக்கச் சொன்னார்கள். ரைசோமைப் புதைத்தால் அழுகும். பஞ்சைப் பிய்த்து எடுத்தபோது ஒரு பக்கம் ஏற்கனவே கறுத்திருந்தது. நல்ல பக்கத்தை மட்டும் வெட்டி ஒரு கல்லில் நூலால் கட்டினேன், அது பிழைத்துக்கொண்டது. மேஜிக் விதை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொட்டியின் அடியில் புல்வெளி போலப் படரும் உண்மையான கார்ப்பெட் செடிகளைக் கப்பிலோ சட்டியிலோ செடியாகவே விற்பார்கள். விதையில் முளைக்கும் பச்சை கொஞ்ச நாள் கண்ணுக்கு அழகு, அப்புறம் கொத்துக்கொத்தாகப் பெயர்ந்து மிதக்கும். தங்கமீன் இருந்தால் அதுவரை கூடத் தாங்காது.

கடையில் சோதித்துப் பார்க்கச் சில வழிகள் இருக்கின்றன. செடியைத் தண்ணீருக்கு வெளியே தூக்கச் சொல்லுங்கள். தண்ணீருக்குள்ளேயே வளர்ந்த தண்டுச்செடி துவண்டு தொங்கும். தரைச்செடி விறைப்பாக நிற்கும். இலையைத் தண்ணீரில் முக்கினால் வெள்ளி பூசியது போல் காற்றுப் படலம் ஒட்டி மின்னினால் சந்தேகப்படுங்கள். அனுபியாஸும் காற்றில் வளர்த்த நீர்ச்செடிகளும் விறைப்பாகத்தான் இருக்கும் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. செடியின் தாவரவியல் பெயரைக் கேளுங்கள். "ஊதா அக்வா பிளாண்ட்" போன்ற பெயர்தான் பதிலாக வந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

தங்கமீனோடு ஓரளவு நிம்மதியாக வைக்க அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் நம்பலாம். இரண்டுக்கும் குறைந்த வெளிச்சம் போதும், இலை தடிப்பு, கல்லிலோ மரத்துண்டிலோ கட்டிவிட்டால் மீன் பிடுங்க முடியாது. வாலிஸ்நேரியா வேர் பிடித்துவிட்டால் ஈடுகொடுக்கும், அதுவரை சுற்றிலும் பெரிய கற்களை வைத்துக் காப்பாற்ற வேண்டும். மணி பிளாண்டின் வேரை மட்டும் தண்ணீரில் விட்டு இலையை வெளியே படரவிட்டால், மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும். மீன் வேரைக் கொறிக்காதபடி ஒரு சிறு கூடைக்குள் விடுங்கள். தண்ணீர்மேல் மிதக்கும் குட்டிச் செடியான டக்வீட் வளர்த்தால் அது தீனிக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று பில்லின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். செடி செத்ததற்காகக் கேட்கவில்லை, நீர்ச்செடி என்று சொல்லி வேறு செடியை விற்றதற்காகக் கேட்கிறேன் என்றேன், காதிலேயே வாங்கவில்லை. பில்லில் "செடி செட்" என்று மட்டும் இருந்ததால் என்ன விற்றார்கள் என்று காட்டக்கூட என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. நீங்கள் வாங்கும்போது ஒவ்வொரு செடியின் பெயரையும் பில்லில் எழுதி வாங்குங்கள், தொட்டியில் இறக்கும் முன் வேரும் அடியும் தெரியும்படி ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.