சவாயியா, மனோனோவா?

பசிபிக் தீவு நாடான சமோவாவின் உபோலு தீவில் ஊழியம் செய்பவர்களுக்கு ஓய்வு நாள் வந்தால், பக்கத்துத் தீவுகளான சவாயி, மனோனோ இரண்டில் எதற்குப் போவது என்ற குழப்பமும் கூடவே வரும்.

பயணம்
சவாயி: முலிஃபனுவா துறையிலிருந்து ஃபெரி, ஒரு மணி நேரத்துக்கு மேல். காரோடு போனால் முன்பதிவு அவசியம்; இல்லையேல் கார் கரையிலேயே நிற்கும்.
மனோனோ: சிறு மோட்டார் படகு, சுமார் 20 நிமிடம். கட்டணம், திரும்பும் நேரம் இரண்டையும் ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.

பார்க்க
சவாயி: 1905 முதல் 1911 வரை பொங்கிய மட்டாவனு எரிமலைக் குழம்பு சலேயாவுலா தேவாலயத்துக்குள் புகுந்து உறைந்திருக்கிறது. விழுந்த கூரைத் தகரத்தின் நெளிவுகூடப் பாறையில் அச்சாகப் பதிந்திருக்கிறது.
மனோனோ: காரும் இல்லை, நாயும் இல்லை. இரண்டு மணி நேரத்தில் நடந்தே சுற்றிவிடலாம்.

மக்கள்
இதில் மனோனோதான் மேல். பாதை வீட்டு வாசல்களை ஒட்டியே போகும். பேச்சு தானாக வரும். ஃபாலேக்குள் (சமோவா வீடு) அழைத்தால் செருப்பைக் கழற்றி, சம்மணமிட்டு உட்காருங்கள். யார் பக்கமும் கால் நீட்டக் கூடாது (நம் ஊர் வழக்கம்தான்). இரண்டு தீவுகளிலும் மாலையில் 'சா' என்னும் ஜெப நேரத்தில் ஊருக்குள் நடமாட வேண்டாம்.

ஒரே நாள்தான் என்றால் மனோனோ. இரண்டு இரவு தங்க முடிந்தால் சவாயி. காலையில் போய் மாலையில் திரும்பினால் பாதி நாள் ஃபெரியிலேயே போய்விடும்.