எச்.ஓ-வா, என்-ஸ்கேலா? மனதில் ஓடும் ரயிலும் பலகையில் அடங்கும் ரயிலும்

மாடல் ரயில் ஆசை பலருக்கும் திரையிலிருந்து தொற்றிக்கொண்டதுதான். 1964-இல் தொடங்கிய ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ தொடரில் கோமஸ் இரண்டு ரயில்களை எதிரெதிரே விட்டு மோதவைத்துக் குதூகலிப்பார். 1984-இல் வந்த தாமஸ் தொடரில் கண்ணை உருட்டிக்கொண்டு புகைவிடும் நீல இன்ஜினை மறந்தவர் குறைவு. ஆனால் அந்த இரண்டுமே பெரிய ரயில்கள். கோமஸுடையவை லயனல் நிறுவனத்தின் ஓ-கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி 32 மி.மீ. தாமஸின் தண்டவாளமோ 45 மி.மீ. காரணம் கேமரா. சின்னப் பொருளுக்கு மிக அருகில் லென்ஸைக் கொண்டுபோனால் முன்னும் பின்னும் மங்கிவிடும். பொம்மை என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். புகையையும் தண்ணீரையும் நம் இஷ்டத்துக்குச் சுருக்க முடியாது என்பதும் இன்னொரு தொல்லை.

அதனால் திரையில் பார்த்து மயங்கிய அளவு வீட்டில் அடங்குவது அரிது. 1:48 ஓ-ஸ்கேலில் (நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு அளவு) 25 மீட்டர் பெட்டி ஒன்று மட்டுமே 52 செ.மீ. வரும். லயனல் பாணி ஓ-கேஜில் மூன்று தண்டவாளம், ஏ.சி. மின்சாரம். நடுத் தண்டவாளம் கண்ணை உறுத்தும். ஆனால் ரயில் வந்த வழியே திரும்பும் வளையத்தை அதில் எந்தக் கூடுதல் வயரிங்கும் இல்லாமல் போடலாம். வெளித் தண்டவாளங்கள் இரண்டும் ஒரே முனை என்பதால் ஷார்ட் ஆகாது. குழந்தைகள் கையாளுவதற்கு இதுவே சரி. தண்டவாளமும் ஊருமாக ஒரு லேஅவுட்டை நாமே கட்டப்போகிறோம் என்றால் போட்டி எச்.ஓ-வுக்கும் என்-ஸ்கேலுக்கும்தான்.

எச்.ஓ 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. என்-ஸ்கேல் 1:160, இடைவெளி 9 மி.மீ. (பிரிட்டனில் 1:148, ஜப்பானின் குறுகிய பாதை ரயில்களுக்கு 1:150. தண்டவாளம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.) நடுவில் ஒரு கண்ணி உண்டு: பிரிட்டனின் ஓஓ. அதுவும் 16.5 மி.மீ. தண்டவாளத்திலேயே ஓடும், ஆனால் அளவு 1:76. ஹாரி பாட்டர் படங்களுக்காக ஹார்ன்பி வெளியிட்ட ரயில் அந்த ஓஓ-தான். எச்.ஓ வீடுகளுக்கும் ஆட்களுக்கும் நடுவே அதை ஓட்டினால் ஓடும். ஆனால் ஊரைவிட ரயில் ஏழில் ஒரு பங்கு பெரிதாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

வளைவில்தான் முடிவு இருக்கிறது

எல்லோரும் முதலில் எடுப்பது 8 அடிக்கு 4 அடி ப்ளைவுட், அதாவது 2440 × 1220 மி.மீ. அதில் எச்.ஓ வளைவின் ஆரம் அதிகபட்சம் 22 அங்குலம், சுமார் 559 மி.மீ. பழகியவர்கள் வைத்திருக்கும் கணக்கு இது: உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியைப் போல மூன்று மடங்கு ஆரம் இருந்தால் ரயில் நம்பிக்கையாக ஓடும், இரண்டு மடங்கு என்பது ஒப்பேற்றுவது. 25 மீட்டர் பெட்டி எச்.ஓ-வில் 287 மி.மீ.; மூன்று மடங்கு 861. பலகையில் இடமே இல்லை. 559-இல் ஓட்டினால் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் தொங்கும், பெட்டிகளை இணைக்கும் கப்ளர்கள் பக்கவாட்டில் இழுபட்டு லேசான பெட்டியைத் தடத்திலிருந்து தூக்கிவிடும். எதிரெதிர் வளைவுகளுக்கு நடுவே ஒரு பெட்டி நீளமாவது நேர்த்தடம் விடாவிட்டால் சொல்லவே வேண்டாம்.

அதே பெட்டி என்-ஸ்கேலில் 156 மி.மீ.; மூன்று மடங்கு 468. தாராளமாக அடங்கும். பத்துப் பெட்டி எக்ஸ்பிரஸ் எச்.ஓ-வில் இன்ஜின் இல்லாமலே 2.87 மீட்டர், பலகையைவிட நீளம். என்-ஸ்கேலில் 1.56 மீட்டர். நேரத்திலும் வித்தியாசம் தெரியும். 22 அங்குல வளைவில் பலகையைச் சுற்றும் பாதை ஏறக்குறைய 5.9 மீட்டர். மணிக்கு 100 கி.மீ.க்கு இணையான வேகத்தில் எச்.ஓ ரயில் 18 நொடியில் சுற்றி முடித்துவிடும். என்-ஸ்கேல் 34 நொடி எடுத்துக்கொள்ளும். அதற்குள் ஒரு குகைக்குள் மறைந்து வெளிவர நேரம் இருக்கும்.

எதுவானாலும் 8 × 4 பலகையைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். கை வசதியாக எட்டுவது 75 செ.மீ. வரைதான், ரயில் கவிழ்வதோ எப்போதும் எட்டாத மூலையில்.

சின்னதின் சங்கடங்கள்

இதைப் படித்து என்-ஸ்கேல் பக்கம் சாய்ந்திருந்தால் எடையையும் பாருங்கள். அமெரிக்காவின் மாடல் ரயில் ஆர்வலர் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரைப்படி மேலே சொன்ன பெட்டி எச்.ஓ-வில் சுமார் 190 கிராம் இருக்க வேண்டும். என்-ஸ்கேலில் 40 கிராம்தான். இன்ஜினும் அதே விகிதத்தில் இளைத்துவிடும். சக்கரம் தண்டவாளத்தை அழுத்தினால்தான் மின்சாரம் ஏறும். எச்.ஓ இன்ஜின் சட்டை செய்யாத தூசியில் என்-ஸ்கேல் இன்ஜின் நின்று முனகும், அதுவும் மெதுவாகப் போகும்போது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தண்டவாளத்தைத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்: அது போடும் கீறல்களில் அழுக்கு முன்னைவிட வேகமாகக் குடியேறும்.

மின்சாரத்தைக் கடத்தும் வேலையைத் தண்டவாள இணைப்புத் தகடுகளிடம் மட்டும் விடக் கூடாது. கொஞ்ச நாளில் துரு ஏறித் தளர்ந்து, தூரத்து மூலையில் ரயில் சோர்ந்துபோகும். ஒன்று, இரண்டு மீட்டருக்கு மின்சாரம் கொண்டுவரும் ஒரு ஃபீடர் வயரைத் தண்டவாளத்தில் சால்டர் செய்து, அடியில் ஓடும் தடித்த வயரில் இணையுங்கள். டி.சி.சி. (தண்டவாளம் வழியே ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) போடுபவர்கள் லேஅவுட்டின் கடைக்கோடியில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்துப் பார்க்க வேண்டும். தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் கருவி அதை உடனே துண்டித்தால் வயரிங் சரி. துண்டிக்காவிட்டால் வயர் மெலிது. நிஜமாக ஷார்ட் ஆகும் நாளில் ஏதாவது ஒன்று உருகும். அந்தக் கட்டளையை இன்ஜினுக்குள் இருந்து புரிந்துகொள்ளும் டீகோடரைப் பொருத்துவதிலும் எச்.ஓ-வுக்கே வசதி. பெரும்பாலான இன்ஜின்களில் ஸ்பீக்கருக்கும் சேர்த்து இடம் கிடைக்கும். பழைய என்-ஸ்கேல் இன்ஜினாக இருந்தால் உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தை அறுத்துத்தான் டீகோடரை நுழைக்க வேண்டிவரும். அறுத்த அளவுக்கு எடையும் இழுவையும் போகும்.

தோற்றத்திலும் என்-ஸ்கேல் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்ளும். கோட் என்பது தண்டவாளத்தின் உயரம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். கோட் 80 தண்டவாளத்தின் உயரம் 2.03 மி.மீ. அதை 160-ஆல் பெருக்கினால் 32 செ.மீ.க்கு மேல், நிஜத் தண்டவாளத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு. எச்.ஓ-வின் கோட் 83 பெருக்கிப் பார்த்தால் 18 செ.மீ.; நிஜத்துக்குப் பக்கம். என்-ஸ்கேலில் கோட் 55 போட்டால் பார்வை சரியாகும். ஆனால் பழைய பெட்டிகளின் ஆழமான சக்கர விளிம்பு தண்டவாளத்தின் உள்பக்கப் பிடிப்புகளில் இடித்து டிக் டிக் என்று சத்தம் போடும்; சக்கரங்களை மாற்ற வேண்டியிருக்கும்.

பாடகர் ராட் ஸ்டீவர்ட் பல ஆண்டுகள் கட்டிய நகர லேஅவுட் எச்.ஓ. 2001-இல் ஹாம்பர்க்கில் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்டும் எச்.ஓ. ஜன்னலுக்குள் ஆள், சுவரில் கறை, தெருவில் விளக்கு என்று பக்கத்தில் போய்ப் பார்க்க வைப்பது அந்த அளவுதான். ஆனால் அவர்களிடம் இடம் இருந்தது. ஒற்றைப் பலகைதான் நமக்கு என்றால், சரக்கு முனையம், சின்ன இன்ஜின், 15 செ.மீ.க்குள் அடங்கும் வேகன்கள், ஷண்டிங் வேலை ஆகியவற்றுக்கு எச்.ஓ-வை எடுங்கள்; 457 மி.மீ. வளைவிலும் மூன்று மடங்குக் கணக்கு நிற்கும். மலையைச் சுற்றி வளைந்து வரும் நீண்ட எக்ஸ்பிரஸ்தான் மனதில் ஓடுகிறது என்றால் என்-ஸ்கேல். தடுமாறினால் பெட்டி வாங்கும் முன்பே தரையில் 559 மி.மீ. ஆரத்தில் ஒரு வளைவை டேப்பால் ஒட்டி, 287 மி.மீ. நீளத்துக்கு அட்டை வெட்டி அதன்மேல் வைத்துப் பாருங்கள்.