புள்ளியியல் ஆன்லைன் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஒரு மாதச் சம்பளம் முழுசாகப் போய்விட்டது. உளவியல், மருத்துவ ஆய்வு மாணவர்களுக்கு ஆய்வு முறைகளும் புள்ளியியலும் சொல்லித் தருகிற ஒரு ஆன்லைன் பயிற்சித் தளம். பெயர் எழுதவில்லை.

என்னை நம்ப வைத்தது அவர்களுடைய இலவச வகுப்பு. பதற்றத்தை அளக்கும் கேள்வித்தாளில் இரண்டு குழுக்களுக்கு நடுவே 1 மதிப்பெண்தான் வித்தியாசம். ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட, அதே 1 மதிப்பெண்ணுக்கு பி மதிப்பு (வித்தியாசத்தைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாமா என்று பார்க்க உதவும் எண்; 0.05-க்குக் கீழே வந்தால் வித்தியாசம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம்) 0.05-க்குக் கீழே இறங்குவதைத் திரையிலேயே காட்டினார் ஆசிரியர். "பி இறங்கிவிட்டது, சரி. நோயாளிக்கு என்ன மாறியது?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் யாரும் எனக்கு இப்படிச் சொல்லித் தந்ததில்லை. அன்றைக்கே பணம் கட்டினேன்.

உள்ளே போனால் அந்த ஆசிரியரே இல்லை! வேறு யாரோ பதிவு செய்த வீடியோக்கள். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் எந்த பட்டனை அழுத்துவது என்பதுதான் பாடம். ஒன்றில் "பி 0.03 என்றால் உங்கள் கருதுகோள் சரியாக இருக்க 97 சதவீத வாய்ப்பு" என்கிறார். அப்பட்டமான தப்பு. வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-லேயே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அதைவிடக் கொடுமை, 0.07 வந்தால் "ஒத்துவராத ஆட்களை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்" என்கிறார். ஒரு சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்கிற ஆய்வில் இப்படிச் செய்தால், அந்தச் சிகிச்சையை நம்பி வருகிறவர்கள் கதி என்ன?

கேட்டேன். சாட்டில் "உங்கள் கருத்து குழுவுக்கு அனுப்பப்பட்டது" என்றார்கள். மறுபடி கேட்டால், "அது மேல்நிலைப் பாடத்தில் வரும்". அதற்குத் தனிக் கட்டணமாம்! என் டேட்டாவை உட்கார்ந்து பார்த்துத் தருவதாகச் சொன்ன அமர்வு தள்ளித் தள்ளிப் போய் காணாமலே போனது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "முதல் பாடத்தைத் திறந்துவிட்டீர்கள், ரீஃபண்ட் கிடையாது" என்றார்கள். திறக்காமல் தப்பு இருப்பது எப்படித் தெரியும்? இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். ஒரு மாதச் சம்பளம்ங்க!

விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. இலவச வகுப்பு எடுப்பவர்தான் கோர்ஸும் எடுப்பாரா என்று எழுத்தில் வாங்குங்கள். பி மதிப்புக்கு விளக்கம் கேளுங்கள். 97 சதவீதக் கதை வந்தால் ஓடிவிடுங்கள். ஆர், ஜாஸ்ப், ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருள்கள் மூன்றும் இலவசம், அதற்கென்று யாரும் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ரீஃபண்ட் விதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.