ரீப்பர்ல அஞ்சு வருஷமா கிளிப் வெட்டி ஒட்டுன அனுபவம்

நேத்து ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான், "மச்சான், ரீப்பர் லைசென்ஸ் 60 டாலராம்ல, போடலாமா?"ன்னு. ரீப்பர்ங்கறது கம்ப்யூட்டர்ல சத்தத்த ரெக்கார்ட் பண்ணி எடிட் பண்ற சாஃப்ட்வேர். அதுல மிக்ஸிங், ப்ளகின் பத்தியெல்லாம் நெறைய பேர் எழுதிட்டாங்க, நான் கிளிப்ப, அதாவது ரெக்கார்ட் பண்ண துண்ட, வெட்டி இடம் மாத்துறத மட்டும் சொல்றேன்.

எங்க ஆச்சி தாலாட்டு பாடுனத ஒரு மைக்கும் பக்கத்துல செல்போனும் வெச்சு ரெண்டு ட்ராக்கா எடுத்திருந்தேன். நடுவுல இருமல், "தண்ணி குடுல"ன்னு ஒரு பேச்சு, அப்புறம் மாமன் வரி முடிஞ்சதும் அத்தை வரிய மறந்துட்டு எல்லாம் பாடி முடிச்சப்புறம் "அத்தைய விட்டுட்டேம்லா"ன்னு அத மட்டும் தனியா பாடுனாங்க. அத தூக்கி மாமனுக்கு அடுத்து வெக்கணும். எஸ் அழுத்துனா வெட்டும், இழுத்து வெச்சு ஓரம் ஒன்னு மேல ஒன்னு லேசா ஏறுனா கிராஸ்ஃபேட் தானா விழுந்துரும், அதாவது ஒன்னு மெதுவா அடங்க இன்னொன்னு மெதுவா ஏறும். ஆனா சுருதிப்பெட்டி இல்லாம பாடுறவங்களுக்கு போகப்போக சுருதி ஏறும்ல, கடைசில பாடுனத நடுவுல வெச்சதும் அந்த ஒரு வரி மட்டும் தூக்கிட்டு நின்னுச்சு. எஃப்2 தட்டுனா வர்ற பெட்டியில பிட்ச்ல மைனஸ் 0.4, அதாவது அரை சுரத்துக்கும் கம்மியா, போட்டதும் உக்காந்துருச்சு.

இருமல வெட்டுன எடத்துல ஃபேன் சத்தமும் சேந்து போயிருச்சு, கேக்கும்போது காது அடைச்ச மாதிரி இருக்கும். வெறும் ஃபேன் ஓடுற நாலு செகண்ட் துண்ட 'குளூ' பண்ணி தனி ஃபைலாக்கி, எஃப்2-ல லூப் சோர்ஸ ஆன் பண்ணி, அங்க வெச்சு ஓரத்த இழுத்தேன், திரும்பத் திரும்ப ஓடி எடத்த நெரப்பிருச்சு.

என்னைய அழ வெச்சது ரிப்பிள் எடிட்டிங், அதாவது ஒரு துண்ட எடுத்தா பின்னாடி இருக்கறதெல்லாம் தானா நகந்து வந்து எடத்த மூடுறது. ஆல்ட்+P அழுத்த அழுத்த ஆஃப், ஒரு ட்ராக்குக்கு மட்டும், எல்லா ட்ராக்குக்கும்னு மாறும். ஒரு ட்ராக்ல மட்டும் இருக்கறத கவனிக்காம வெட்டிக்கிட்டே போயிட்டேன், மைக் ட்ராக் முன்னாடி நகர செல்போன் ட்ராக் அங்கேயே நிக்க, ஆச்சி குரல் ரெண்டு ரெண்டா கேக்குது. தப்பு என்னோடதுதான், ஆனா சரி பண்ண மூணு சாயங்காலம் போச்சு. இப்பல்லாம் வெட்ட உக்காந்ததும் ரெண்டு ட்ராக்ல இருக்கற கிளிப்பையும் செலக்ட் பண்ணி ஜி போட்டு குரூப் பண்ணிட்டுதான் மத்த வேலை.

ஆச்சி போய் ரெண்டு வருஷமாச்சு. போன மாசம் அந்த ப்ராஜெக்ட தொறந்து, இருமலுக்கு முன்னாடி வெட்டுன கிளிப்போட ஓரத்த சும்மா வலது பக்கம் இழுத்தேன். "தண்ணி குடுல" அப்படியே வந்துச்சு. வெட்டுனாலும் அசல் ஃபைல்ல கை வெக்கறது இல்ல, மறைச்சுதான் வெச்சிருக்கு. இது எனக்கு முன்னாடியே தெரியும், இருந்தாலும் அன்னிக்கு கேட்டது வேற.

ஆனா மச்சான், நீ பீட் போடுறவன். ரீப்பரோட சேத்து ட்ரம் சவுண்டு, லூப்புன்னு பெருசா எதுவும் வராது, உனக்கு இது வேண்டாம். குரல் எடுக்கறதா இருந்தா 60 நாள் ட்ரையல் இருக்கு, அத போட்டுப் பாரு. எடுக்கும்போது உங்க பாட்டி பேசுறதையும் நிறுத்தாம எடு.